காரின் கதவும் என் மனசாட்சியும்



இம்மாதம் ஒரு சாட்சியை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். வியாதியிலிருந்து பெற்ற சுகத்தைப் பற்றியதோ, கிடைத்த வேலையைப் பற்றியதோ அல்ல இது. ஒரு கார்க் கதவில் விழுந்த சிறு பள்ளத்தைப் பற்றியது.

நாங்கள் சனத்நகரில், செக் காலனிக்கு அருகில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கிறோம். கீழ்த்தளத்தில் கார்கள் நிற்கும் இடம் மிகவும் நெருக்கமானது. அன்று மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை, திருவிருந்து ஆராதனை. வழக்கம்போலத் தாமதமாகிவிட்டது. நான் அவசரப்படுத்தியதால், என் ஒன்பது வயது மகள் பின்கதவை வேகமாகத் திறந்தாள். அது பக்கத்து வீட்டுப் பெரியவரின் கார்க் கதவில் இடித்தது. ஒரு ரூபாய் நாணயத்தின் அளவில் பள்ளம். அதைச் சுற்றி வர்ணம் உரிந்து தகரம் தெரிந்தது.

சுற்றிலும் பார்த்தேன். ஒருவரும் இல்லை. "அப்பா, அவங்ககிட்ட சொல்ல வேண்டாமா?" என்றாள் மகள். "வந்து சொல்லிக்கொள்ளலாம், ஏறு" என்றேன். பிரியமானவர்களே, சொல்லிக்கொள்ளலாம் என்று நான் கூறியபோது, சொல்லவேண்டும் என்ற எண்ணம் என் உள்ளத்தில் இல்லை என்பதை இன்று வெட்கத்தோடு அறிக்கையிடுகிறேன்.

ஆராதனையில் என் வாய் பாடியது. உள்ளம் அந்தக் கதவருகே நின்றது. அப்பமும் பாத்திரமும் என் வரிசைக்கு வந்தபோது என் கை நீளவில்லை. பலிபீடத்தின்முன் காணிக்கையை வைத்துவிட்டு, முதலாவது சகோதரனிடம் போய் ஒப்புரவாக வேண்டும் என்று ஆண்டவர் மலைப்பிரசங்கத்தில் போதித்தது நினைவுக்கு வந்தது. மகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மதியம் வீடு திரும்பியபோது கீழ்த்தளத்தில் நான் கண்ட காட்சி என்னை நடுங்கச் செய்தது. பெரியவர் தம் காரருகே நின்று காவலாளியைக் கடிந்துகொண்டிருந்தார். காலையில் கார்களைத் துடைத்தவர் அந்தக் காவலாளிதான். வாளியை மோதியிருப்பார் என்பது பெரியவரின் எண்ணம். செலவை அவருடைய சம்பளத்தில் பிடிக்க வேண்டும் என்று பேச்சு நடந்துகொண்டிருந்தது. அந்த ஏழை மனிதர் "நான் இல்லை ஐயா" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். மகள் என் கையைப் பிடித்து இழுத்தாள். அப்போதுதான் என் நாவு அசைந்தது. "ஐயா, இதைச் செய்தவர்கள் நாங்கள். காலையிலேயே சொல்லியிருக்க வேண்டும். மன்னித்துவிடுங்கள்" என்றேன்.

பெரியவர் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. அவர் இளவயதில் சனத்நகர் ஆல்வின் தொழிற்சாலையில் பேருந்துக் கூடு கட்டும் பிரிவில் தகர வேலை செய்தவர். பள்ளத்தை விரலால் தடவிப் பார்த்து, "வர்ணம் போகாமல் இருந்தால் உட்புறமிருந்தே தட்டி எடுத்துவிடலாம், பாபு. இது உரிந்துவிட்டது. டிங்கரிங் செய்து, பட்டி பார்த்து, கதவு முழுவதற்கும் பெயின்ட் அடிக்க வேண்டும்" என்றார். விசாரித்ததில் ரூ. 5,500 ஆகும் என்று தெரிந்தது: தகர வேலைக்கு 1,500, பெயின்டிங்கிற்கு 4,000.

"இன்சூரன்சில் வாங்கிக்கொள்ளலாமே" என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தபோது கண் திறந்தது.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி ஒவ்வொரு வாகனத்திற்கும் தேர்டு பார்ட்டி காப்பீடு கட்டாயம். பிறருடைய பொருளுக்கு நாம் செய்யும் சேதத்தையும் அது ஏற்கும். ஆயினும் அதைப் பெறக் காவல்துறைப் பதிவும், மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயமும் என்று நீண்ட வழி செல்ல வேண்டும். ஐயாயிரம் ரூபாய்க்காக எவரும் அவ்வழியில் செல்வதில்லை. எஞ்சியிருப்பது, பெரியவர் தம் சொந்தப் பாலிசியில் "ஓன் டேமேஜ்" கிளைம் கேட்பது.

அவருக்கு என்ன கிடைக்கும்? 1500 சிசி வரையுள்ள காருக்குக் கட்டாயக் கழிவு ரூ. 1,000. பெயின்டிங் கட்டணத்தில் கால் பங்கை வர்ணத்தின் விலையாகக் கொண்டு, அதில் பாதியைத் தேய்மானமாகக் கழிப்பார்கள், அது ரூ. 500. ஆக, கைக்கு வருவது ரூ. 4,000. கதவையே மாற்ற நேர்ந்தால், நான்கு வருடத்திற்கு மேல் ஐந்து வருடத்திற்குட்பட்ட காரின் உலோகப் பாகத்திற்கு 35 சதவீதம் தேய்மானம். பம்பர் போன்ற பிளாஸ்டிக் பாகங்களுக்கு 50 சதவீதம். தேய்மானம் பிடிக்காத கூடுதல் காப்பீட்டை வாங்கியவர்களுக்கு மட்டும் இத்தேய்மானக் கழிவுகள் பொருந்தா.

அவர் இழப்பது என்ன? கிளைம் கேட்காமல் ஓட்டுகிறவருக்கு "நோ கிளைம் போனஸ்" உண்டு. முதல் வருட முடிவில் 20 சதவீதம், பின்பு 25, 35, 45, ஐந்தாம் வருட முடிவில் 50. பெரியவர் 45ஐ எட்டியிருந்தார். அடுத்த புதுப்பித்தலில் 50 கிடைத்திருக்கும். ஒரு கிளைம் கேட்டால் அது பூஜ்யமாகிவிடும். அவருடைய ஓன் டேமேஜ் பிரீமியம் தள்ளுபடிக்கு முன் ரூ. 8,000. அது மாறாது என்று வைத்துக்கொண்டால், முதல் வருடம் அதிகம் கட்டுவது 4,000. அடுத்தடுத்த வருடங்களில் 2,400, 2,000, 1,200, 400. மொத்தம் ரூ. 10,000! காரின் மதிப்புக் குறையக் குறையப் பிரீமியமும் குறையும் என்றாலும், நாலாயிரத்திற்காக அதைவிட அதிகத்தை அவர் இழப்பார் என்பது நிச்சயம். தவறு எங்களுடையது, இழப்பு அவருடையதா?

பழுதுபார்க்கும் இடத்தில் இன்னொரு சோதனை காத்திருந்தது. "உங்கள் காரைச் சுவரில் இடித்ததாக எழுதிக்கொடுங்கள். இரண்டு பக்கத்துப் பழைய கீறல்களையும் சேர்த்துக் கிளைமில் முடித்துவிடலாம், அதிலேயே அந்தப் பெரியவர் காரையும் சரிக்கட்டிவிடலாம்" என்றார் அங்கிருந்தவர். எல்லாரும் செய்வதுதான் என்றும் சொன்னார். பிரியமானவர்களே, கிளைம் படிவத்தில் நாம் இடும் கையெழுத்து ஒரு சாட்சி. நடவாததை நடந்ததாக எழுதினால் அது பொய்ச்சாட்சி. தெரியவந்தால் கிளைமும் நிராகரிக்கப்படும். வேறு கம்பெனிக்கு மாறும்போது, வாங்கிய கிளைமை மறைத்து போனஸ் கேட்பதும் இதே பாவமே.

யாத்திராகமம் 22ஆம் அதிகாரத்தில், ஒருவன் மூட்டிய தீ பரவி அயலான் பயிரை எரித்தால், மூட்டியவனே ஈடுசெய்ய வேண்டும் என்று நியாயப்பிரமாணம் கூறுகிறது. எரிக்கும் நோக்கம் அவனுக்கு இருந்ததா என்று அது கேட்கவில்லை. நான் ரூ. 5,500ஐ முழுவதுமாகச் செலுத்தினேன். அந்த மாதம் ஊருக்குப் போகும் பயணத்தைத் தள்ளிவைக்க வேண்டியதாயிற்று.

பணம் கொடுத்தது எளிதாயிருந்தது. காவலாளியின் அறைக்குப் போய் மன்னிப்புக் கேட்டதே கடினமாயிருந்தது. காரின் சொந்தக்காரரிடம் கேட்டாயிற்றே, போதாதா என்று மனம் வாதாடியது. ஆனால் என் மௌனத்தின் விலையை அன்று பகலில் செலுத்தியவர் அவரல்லவா? மகளையும் அழைத்துக்கொண்டு சென்றேன். அவர் அவளுடைய தலையில் கைவைத்து, "பரவாயில்லை சார், வந்து சொன்னீர்களே" என்றார். பெரியவரும் அன்று மாலை அவரிடம் வருத்தம் தெரிவித்தார் என்று பின்னர் அறிந்தேன்.

அன்பான குடும்பத்தலைவர்களே, நெருக்கமான நகரத்தில் வாழும் நமக்கு இப்படி ஒன்று நேரிடக்கூடும். நேர்ந்தால் உடனே நின்று உரியவரிடம் சொல்லுங்கள். அவர் இல்லையென்றால் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதி வையுங்கள். புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு இடங்களில் செலவை விசாரியுங்கள். கழிவும் போனஸ் இழப்பும் கணக்கிட்ட பிறகே கிளைமைப் பற்றித் தீர்மானியுங்கள். சிறிய சேதத்திற்குக் கையிலிருந்து கொடுப்பதே பெரும்பாலும் இலாபம். பெரிய சேதத்திற்குத் தயங்காமல் உண்மையை எழுதிக் கிளைம் கேளுங்கள், அது உங்கள் உரிமை.

அடுத்த மாதத் திருவிருந்தில் நான் கை நீட்டினேன். பக்கத்தில் என் மகள் இருந்தாள். பின்னிருக்கையிலிருந்து பிள்ளைகள் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதை மறவாதிருப்போமாக. கர்த்தர்தாமே நம் வீடுகளை உண்மையில் நிலைநிறுத்துவாராக. ஆமென்.