நடுச்சுவர்

வரிசை வீட்டில் குடியிருப்பவர்க்கு நான்கு சுவர்களும் சொந்தம் என்று சொல்வது முழு உண்மையன்று. இருபுறமும் நிற்கும் சுவர்களில் பாதியே அவருடையது. மறுபாதி அடுத்த வீட்டாருடையது. இங்கே ஆணி அடித்தால் ஒலி அங்கே கேட்கும். அங்கே தாளித்தால் மணம் இங்கே வரும். இந்தப் பாதி உரிமையை உணர்ந்து வாழ்வதே அயலார் உறவு. இருவரில் ஒருவர் தம் வீட்டைப் பெரிதாக்க எண்ணும் நாளில்தான் அவ்வுறவு சோதனைக்கு உள்ளாகிறது.

மலேசியத் தமிழர் பலருடைய முன்னோர் தோட்டத்து லயங்களில் வாழ்ந்தவர்கள். பொதுக்குழாய், பொதுவான வாசல், பல இடங்களில் கூரையை எட்டாத தடுப்புச் சுவர் என்று அமைந்திருந்தது அவ்வாழ்க்கை. ஒரு வீட்டுக் குழந்தை இரவில் இருமினால், விடிந்ததும் அடுத்த வீட்டுப் பாட்டி கசாயத்தோடு வந்து நிற்பாள். அந்தரங்கம் என்பதற்கு அங்கே இடமில்லை. ஆயினும் சுவரைப் பற்றிய வழக்கும் இல்லை. ஏனெனில் சுவர் தோட்ட நிர்வாகத்தின் உடைமை.

பின்னர்த் தோட்டங்கள் பல துண்டாடப்பட்டன. இரப்பர் நின்ற நிலங்களில் வீடமைப்புப் பகுதிகள் எழுந்தன. சேமநிதிப் பணத்தையும் வங்கிக் கடனையும் கொண்டு வாங்கிய இருபதடி அகல வீட்டுக்குள் ஒரு தலைமுறை குடிபுகுந்தது. தம் பெயரில் முதன்முதலாக ஒரு பட்டா! அந்தப் பெருமிதத்தை யாரும் குறைத்து மதிப்பிடலாகாது. ஆனால், வீடு கட்டிய அளவில் நின்றுவிடுகிறது, குடும்பம் நிற்பதில்லை. மகனுக்கு மணமாகிறது, ஊரிலிருந்து தாய் வந்து சேர்கிறாள். முதலில் பின்கட்டில் துத்தநாகத் தகடு வேய்கிறார்கள். பிறகு செங்கல் சுவர் எல்லைவரை நீள்கிறது. கடைசியாக மேலே ஓர் அறை எழுகிறது. சிலர் வடிகாலையும் தாண்டிப் பின்சந்திலும் கால் வைத்துவிடுகின்றனர்.

இவற்றுக்கெல்லாம் சட்டம் உண்டு. 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டப்படி, ஊராட்சித் துறையின் எழுத்து மூலமான அனுமதியின்றிக் கட்டடம் எழுப்பலாகாது. இருப்பதை மாற்றிக் கட்டவும் அனுமதி வேண்டும். 1984ஆம் ஆண்டின் ஒரேசீரான கட்டடத் துணைச்சட்டங்கள், குடியிருப்பு அறையின் தரைப்பரப்பில் 10 விழுக்காட்டுக்குக் குறையாத அளவு சன்னல் இருத்தல் வேண்டும் என்றும், அதில் பாதியளவு காற்றுப் புகத் திறந்திருத்தல் வேண்டும் என்றும் விதிக்கின்றன. 1976ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டம், உள்ளூர்த் திட்டம் நடப்பில் இல்லாத பகுதியில் திட்டமிடல் அனுமதி கோரப்பட்டால், அண்டை நில உரிமையாளர்க்கு அறிவித்து, ஆட்சேபம் தெரிவிக்க 21 நாள் தவணை தருகிறது. அண்டை வீட்டாரின் ஒப்புதல் கடிதம் வேண்டும் எனக் கேட்கும் மன்றங்களும் உண்டு. அந்த ஒரு தாள்தான் பல மனத்தாங்கல்களுக்கு வித்து.

ஒரே தோட்டத்திலிருந்து வந்து, ஒரே தாமானில் பதினெட்டு ஆண்டுகள் அடுத்தடுத்து வாழ்ந்த இரு குடும்பங்களுக்கு நேர்ந்ததை எடுத்துக்கொள்ளலாம். மூத்தவர் ஓய்வு பெற்ற தொழிலாளி. இளையவர் அவரை அண்ணன் என்றே அழைப்பவர். தீபாவளிக்கு முந்திய வாரம், பலகாரத் தட்டோடு ஒரு தாளும் வந்தது.

"அண்ணே, பின்னால அடுப்படியக் கொஞ்சம் இழுத்துக் கட்டுறேன். இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க."

வரைபடம் எங்கே என்று மூத்தவர் கேட்கவில்லை. கேட்டால் நம்பிக்கைக் குறைவாகத் தோன்றுமே என்ற கூச்சம். பேனாவை எடுத்துக் கையெழுத்திட்டார்.

மூன்று மாதத்தில் எல்லையோரம் சுவர் எழும்பியது. அவர் வீட்டு அடுப்படியில் நண்பகலிலும் விளக்குப் போட வேண்டியதாயிற்று. சுவருக்கு மேல் ஓர் அறையும் வந்தது. அதன் சன்னல், அவர் மனைவி துணி துவைக்கும் பின்கட்டை நேராக நோக்கித் திறந்தது. அந்த அம்மாள் அன்றுமுதல் இருட்டிய பிறகே துணி துவைக்கலானார்.

"தம்பி, அந்தச் சன்னல யோசிச்சு வச்சிருக்கலாம்."

"நீங்கதானே அண்ணே கையெழுத்துப் போட்டீங்க?"

அந்த மறுமொழிக்குப் பின் இருவரும் பேசவில்லை. நகராண்மைக் கழகத்துக்குப் புகார் சென்றது. அதிகாரிகள் வந்து அளந்தனர். அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தில் அடுப்படி மட்டுமே இருந்தது, மேலறை இல்லை. மேலறையை இடிக்க நேர்ந்தது. அடுப்படிச் சுவர் அப்படியே நின்றது. மருமகளுக்கென்று கட்டிய அறையை ஒருவர் இழந்தார். வெளிச்சத்தை மற்றவர் இழந்தார். மறு ஆண்டு இளையவர் வீட்டில் திருமணம். நடுச்சுவருக்கு அப்பாலிருந்து வரவேண்டிய அழைப்பிதழ் அஞ்சலில் வந்தது.

பதினெட்டு ஆண்டுகள் ஓர் அடுப்படியில் விழுந்த வெளிச்சத்துக்கு உரிமை இல்லையா என்று மூத்தவர் பலரிடம் கேட்டார். இங்கிலாந்தில் 1832ஆம் ஆண்டுச் சட்டம், இருபது ஆண்டுகள் தடையின்றி வந்த வெளிச்சத்தை உரிமையாக ஏற்கிறது. தீபகற்ப மலேசியாவின் 1965ஆம் ஆண்டுத் தேசிய நிலச் சட்டத் தொகுப்போ, நெடுநாள் அனுபவத்தால் மட்டும் அத்தகைய உரிமை பிறப்பதை ஏற்பதில்லை. எழுதிக் கொடுத்தால்தான் உரிமை. அதாவது, பதினெட்டு ஆண்டுகள் விழுந்த வெளிச்சம் அயலார் கட்டாமல் விட்டுவைத்த வெளிச்சமே. அப்படியாயின், அந்த மூத்தவர் கையில் ஏதேனும் வலிமை இருந்த நேரம் ஒன்றே ஒன்று: பேனாவை எடுத்த அந்த நேரம்!

பழகிய இருவர்க்கிடையே தாளும் அளவும் எதற்கு என்று கேட்பவர் உண்டு. லயத்து வாழ்வில் வளர்ந்த நெஞ்சுக்கு அது இயல்பான கேள்வியே. ஆனால், நட்பை முன்னிறுத்திக் கேட்கப்படும் கையெழுத்தை மறுப்பது எளிதன்று. கடன்பட்டவர், வயது முதிர்ந்தவர், கைம்பெண் ஆகியோர்க்கு அது இன்னும் கடினம். வாயால் இல்லை என்று சொல்ல இயலாதவருக்காகச் சொல்லவே விதிகள் இருக்கின்றன. வரைபடத்தை மன்றத்தார் பார்ப்பதால் யாருடைய நட்பும் முறிவதில்லை. மாறாக, பாராமல் இட்ட கையெழுத்தால் முறிந்த நட்புகள் ஏராளம்.

எனினும், சட்டம் அடிக்கணக்கையும் விழுக்காட்டையும் மட்டுமே பேசும். அந்த அம்மாளின் கூச்சத்தை அளக்கும் கோல் அதிகாரியிடம் இல்லை. அதை அறியக்கூடியவர் அடுத்த வீட்டுக்காரர் ஒருவரே. கையெழுத்துக் கேட்டு வருபவர், தாளோடு வரைபடத்தையும் விரித்து, "சன்னல் இங்கே வருகிறது, உங்களுக்கு இடையூறு உண்டா?" என்று கேட்பாராயின், அதைப் பார்ப்பவரும் கூச்சமின்றித் தம் மனத்திலுள்ளதைச் சொல்வார். சன்னலை ஓரடி உயர்த்துவதற்கும், சுவரை ஈரடி உள்ளிழுப்பதற்கும் தாளில் ஓர் அழிப்பான் போதும். செங்கல்லில் ஆனபின் சம்மட்டிதான் வேண்டும். சம்மட்டி அடிக்கும்போது இடிவது ஒரு வீட்டுச் சுவர் மட்டுமன்று.