ஓட்டைக்குச் சொந்தக்காரர்

குயின்ஸ், நியூயார்க்

படுக்கையறை மூலையில் வெப்பக் குழாய் தரைக்குள் இறங்கும் இடத்தில் ஒரு சந்து இருந்தது. இந்த வாரம் எங்கள் கட்டடத்தின் பராமரிப்பாளர், இங்கத்திய வழக்கில் 'சூப்பர்', வந்து அதைச் செம்புக் கம்பிவலையால் அடைத்துவிட்டுப் போனார். குளிர் ஆரம்பித்ததும் சுண்டெலிகளும் உள்ளே வர ஆரம்பித்திருந்தன. விஷயத்தைத் திருவாரூருக்கு போனில் சொன்னேன். "எலியா? என்னடி லட்சணத்துல வீட்ட வெச்சிருக்கே?" என்றாள் அம்மா.

நம் பக்கத்தில் எலி வந்தால் விசாரணை சமையலறையில்தான் தொடங்கும். மூடாத பாத்திரம் எது, பெருக்காத மூலை எது என்று கேள்விகள் வரும். பதில் சொல்ல வேண்டியவள் எப்போதும் வீட்டுப் பெண்தான். சுவரில் இருக்கும் பொந்தைப் பற்றி யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

எங்கள் கட்டடம் இரண்டாம் உலகப் போருக்கு முந்தியது. அடித்தளத்தில் ஒரு பாய்லர். அதில் கிளம்பும் நீராவி செங்குத்தான இரும்புக் குழாய்களில் மாடி மாடியாக ஏறி, ஒவ்வொரு வீட்டு ரேடியேட்டருக்கும் போகிறது. சூட்டில் இரும்பு நீளும், ஆறினால் சுருங்கும். அதனால் தளத்தில் குழாயைவிடப் பெரிய துளையாகத்தான் போட வேண்டும். சிமெண்டை வைத்து இறுக்கிப் பூசினால் வெடித்துவிடும். சுண்டெலிக்கு 6 மில்லிமீட்டர் இடைவெளி போதும். தலை நுழைந்துவிட்டால் உடம்பும் நுழைந்துவிடும். பாய்லர் அறையிலிருந்து மேல்மாடி வரைக்கும் கதகதப்பான ராஜபாட்டை!

போன வருஷம் சூப்பர் மஞ்சள் நுரையைப் பீய்ச்சிவிட்டுப் போயிருந்தார். பார்க்கப் புட்டு மாதிரி உப்பிக்கொண்டு நன்றாகத்தான் இருந்தது. எலி அதைக் கடித்துத் துளைத்துக்கொண்டு வந்தது. போதாததற்கு, அந்த நுரை நீராவிக் குழாயின் சூட்டைத் தாங்கக்கூடியதும் இல்லை. இந்த முறைதான் ஒழுங்காகச் செய்தார்: பல்லுக்கு மசியாத, துருவும் பிடிக்காத செம்பு வலையைத் திணித்து, அதன்மேல் சூடு தாங்கும் சிலிகான் பூசி, குழாயைச் சுற்றி வட்டத் தகடு ஒன்றையும் மாட்டினார். மொத்தமே அரை மணி நேர வேலை.

அந்த அரை மணி நேரத்துக்குப் பின்னால் ஒரு சட்டம் இருக்கிறது. நியூயார்க் நகரின் 2018-ஆம் ஆண்டு 55-ஆம் எண் உள்ளூர்ச் சட்டம். மூன்று குடித்தனமோ அதற்கு மேலோ உள்ள வாடகைக் கட்டடம் என்றால், வீட்டு உரிமையாளர் வருஷத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு வீட்டிலும் எலி, கரப்பான், பூஞ்சை இருக்கிறதா என்று சோதித்தாக வேண்டும். இருந்தால் விரட்டினால் மட்டும் போதாது. அவை வரக் காரணமான விரிசல், பொந்து, குழாயடிச் சந்து எல்லாவற்றையும் அடைக்க வேண்டும். கதவுக்கு அடியில் இடைவெளி இருந்தால் தடுப்புப் பட்டை. பூச்சிமருந்து அடிக்க உரிமம் பெற்றவர்தான் வர வேண்டும். வாடகை ஒப்பந்தத்தோடு இதையெல்லாம் விளக்கும் தாள் ஒன்றையும் தர வேண்டும், புதுப்பிக்கும்போது மறுபடியும். குடியிருப்பவருக்கும் கடமை உண்டு: வீட்டைச் சுத்தமாக வைத்துக்கொள்வது, சாப்பாட்டை மூடி வைப்பது, எலியைக் கண்டால் உரிமையாளருக்குச் சொல்வது. சொல்லியும் சரிசெய்யாவிட்டால் நகர நிர்வாகத்தின் புகார் எண்ணான 311-க்கு போன் போடலாம்.

இவ்வளவும் ஆஸ்துமாவுக்காக. எலியின் சிறுநீரில் உள்ள புரதம் காய்ந்து தூசியோடு கலந்து குழந்தைகளின் மூச்சுக்குள் போகிறது. பழைய கட்டடங்கள் நெருக்கியடிக்கும் ஏழைப் பேட்டைகளில்தான் இந்தத் தொல்லை அதிகம். சட்டம் கேட்பது பொந்தை. அம்மா கேட்டது பெண்ணை. எனக்குச் சட்டத்தைப் பிடித்துவிட்டது.

அதற்காக எலி விஷயத்தில் நமக்கு நியூயார்க்வாசிகள் பாடம் எடுக்க வேண்டாம். எங்கள் பக்கத்து வயல்களில் மூங்கிலை வளைத்துக் கயிறு கட்டி வைக்கும் கிட்டிக்கு விஷமும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். சாயங்காலம் வரப்போரம் வைத்துவிட்டுப் போனால் விடியற்காலையில் கணக்குத் தீர்ந்திருக்கும். எலி எந்த வழியில் நடக்கும் என்று மண்ணைப் பார்த்தே சொல்லும் ஆட்கள் வைப்பது அது. வீட்டில் பொறிக்குள் மசால்வடை. ஓட்டு வீட்டில் சந்தை அடைக்கப் புறப்பட்டால் கூரையைத்தான் அடைக்க வேண்டும்; அந்த வழியாகத்தான் பூனையும் வந்துபோகும். இங்கே எங்கள் ஒப்பந்தப்படி பூனைக்கு அனுமதி இல்லை. அழைக்காமலே வருகிற எலியோ எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போடவில்லை.

எங்களுக்கு நேர் கீழ்வீட்டில் பங்களாதேசத்து அம்மாள் ஒருவர் இருக்கிறார். நாங்கள் எல்லோரும் அவரை ஆபா, அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடுவோம். அதே குழாய்தான் அவர் வீட்டையும் துளைத்துக்கொண்டு வருகிறது. என் வீட்டில் மட்டும் அடைத்தால் அவர் வீட்டில் எலிகள் பெருகும் என்று தோன்றியதால், இறங்கிப் போய்க் கேட்டேன். கதவைச் சாத்திய பிறகுதான் ஒப்புக்கொண்டார், அதுவும் கிசுகிசுப்பாக. மாசக்கணக்காக வருகிறதாம். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வீடு அழுக்கு என்று நினைப்பார்களாம்.

உரிமையாளருக்கு அனுப்ப வேண்டிய மின்னஞ்சலை அவர் சோபாவிலேயே உட்கார்ந்து தட்டினேன். சட்டத்தின் எண்ணைப் போட்டு, எந்தெந்த அறையில் குழாய் வருகிறது என்று எழுதி, அவருக்குப் படித்துக் காட்டினேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கடைசியில், "என் வீடு எப்போதும் சுத்தமாகத்தான் இருக்கும்" என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னார். தேவையே இல்லை ஆபா என்றேன். முகம் வாடியது. முதல் வரியாகவே சேர்த்து அனுப்பிவிட்டேன்.