தோணிரேவுக்கு வந்த விருந்தாளிகள்

பிழைப்புக்காக அயல் தேசம் போய் நாலைந்து வருஷம் தங்குகிறவர்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு. அந்த ஊர்க்காரர்கள் ஆயுசு முழுவதும் பார்க்காத இடங்களை அவர்கள் ஆறே மாதத்தில் பார்த்துவிடுவார்கள். 'நாளைக்குப் பார்த்துக் கொள்ளலாம்' என்று தள்ளிப் போட அவர்களுக்கு நாள் ஏது? அமெரிக்காவில் இருக்கும் நம் பிள்ளைகள், அப்பாவும் அம்மாவும் வந்து இறங்கிய மறு வாரமே புளியோதரை மூட்டையுடன் நயாகராவுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். நாமோ மயிலாப்பூரிலேயே பிறந்து வளர்ந்தும் மெரினா கலங்கரை விளக்கத்தில் ஏறிப் பார்க்காதவர்கள்!

எங்கள் பக்கத்து வீட்டுக் கொரியக் குடும்பமும் அப்படித்தான். 1990-களின் இறுதியில் ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் கார் உற்பத்தி தொடங்கியது முதல், கொரியக் குடும்பங்கள் சென்னைக்கு வருவதும், சில வருஷம் கழித்து ஊர் திரும்புவதும் வழக்கமாகிவிட்டது. நம் அண்டை வீட்டுக்காரருக்கு நாலு வருஷ உத்தியோகம். மகாபலிபுரம், காஞ்சீபுரம், புதுச்சேரி எல்லாம் அவர்களுக்கு ஆகிவிட்டது. அவருடைய எட்டு வயதுப் பெண் ஒரு நாள் வாசலில் நின்று, "இன்னா அங்கிள், இந்த ஞாயித்துக்கெயம எங்க போலாம்?" என்று அசல் சென்னைத் தமிழில் கேட்டாள். "பழவேற்காடு!" என்றாள் என் மனைவி. தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் இரண்டு குடும்பங்களும் கட்டுச்சாதம் சகிதமாகப் புறப்பட்டோம்.

சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டர். பொன்னேரி வரை மின்சார ரயிலிலும், அங்கிருந்து பஸ்ஸிலும் போகலாம். எங்களுக்குக் கொரியரின் கார் இருந்தது.

ஏரி என்று பெயரே தவிர, இது குடிக்கிற தண்ணீர் அல்ல; உப்பங்கழி. ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடி இந்தியாவில் பெரியது. தெற்கே ஆரணியாறும் வடக்கே காளங்கி நதியும் நல்ல தண்ணீரைக் கொண்டுவந்து கொட்டுகின்றன. முகத்துவாரத்தின் வழியே கடல் தன் பங்குக்கு உப்புத் தண்ணீரை அனுப்புகிறது. ஏரியின் பெரும் பகுதி ஆந்திராவில் இருக்கிறது. ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே நீண்டு கிடக்கும் மணல் தீவுதான், ராக்கெட் விடுகிறார்களே, அந்த ஸ்ரீஹரிகோட்டா.

முதலில் ஒல்லாந்தர் கல்லறைக்குப் போனோம். வாசலின் இரு பக்கமும் இரண்டு எலும்புக்கூடுகளைக் கல்லில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். கொரியப் பெண் அதைக் கண்டதும் அப்பாவின் கையைப் பிடித்துக் கொண்டாள். உள்ளே எழுபதுக்கும் மேற்பட்ட கல்லறைகள். பூவும் கொடியும் குடும்பச் சின்னங்களுமாக நேர்த்தியான வேலைப்பாடு. தொல்பொருள் துறையார் பாதுகாத்து வருகிறார்கள்.

டச்சுக்காரர்கள் 1613-ல் இங்கே கெல்ட்ரியா என்ற கோட்டையைக் கட்டினார்கள். கெல்டர்லாந்து என்பது அவர்கள் தேசத்தில் ஒரு மாகாணம். ஊரை விட்டு வந்தாலும் ஊர்ப் பெயரை விட மனம் வருமா? 1690-ல் நாகப்பட்டினத்துக்கு மாற்றும் வரையில், சோழமண்டலக் கரை முழுவதற்கும் அவர்களுடைய தலைமை இடம் இதுதான். 1806-ல் ஆங்கிலேயர் கோட்டையை இடித்தார்கள். 1825-ல் ஊரே ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. சில வருஷம் இருந்துவிட்டுத் திரும்பலாம் என்று வந்த கம்பெனி உத்தியோகஸ்தர்களும் அவர்கள் குடும்பத்தினரும் திரும்பாமலே தங்கிவிட்ட இடந்தான் இந்தக் கல்லறைத் தோட்டம்.

இங்கிருந்து அயல் தேசம் போனவர்களும் உண்டு. பதினேழாம் நூற்றாண்டில் டச்சுக் கப்பல்கள் இந்தக் கரையிலிருந்து ஆயிரக்கணக்கானவர்களை அடிமைகளாகப் படேவியாவுக்கு ஏற்றிச் சென்றன. அவர்கள் பெயரைக் கல்லில் வெட்ட யாரும் இல்லை. துணியும் போயிற்று, அதன் பெயர் மட்டும் நிலைத்தது. மலேசியாவில் கட்டம் போட்ட கைலிக்கு இன்றைக்கும் 'காயின் பெலிகாட்' என்றே பெயர். நம் பழவேற்காடுதான் அந்தப் பெலிகாட்!

வந்த ஒல்லாந்தரில் ஒருவரை மட்டும் தனியே சொல்ல வேண்டும். ஆபிரகாம் ரொஜேரியுஸ் என்ற பாதிரியார் 1632 முதல் பத்து வருஷம் இங்கே இருந்தார். பத்மநாபன் என்ற பிராமணரிடம் கேட்டுக் கேட்டு, நம் வழிபாடு, பண்டிகை, வாழ்க்கை முறைகளையெல்லாம் எழுதி வைத்தார். ஊர் திரும்பிக் காலமான பின், 1651-ல் அது புத்தகமாக வந்தது. பர்த்ருஹரியின் வாக்குகள் ஐரோப்பியருக்கு அறிமுகமானது அதன் வழியாகத்தான். கோட்டைக்குள் இருந்துகொண்டே துணிக்கணக்குப் பார்த்துவிட்டு அவரும் போயிருக்கலாம். ஆனால் அவர் வாய் திறந்து கேட்டார், அதனால் அறிந்தார்.

கல்லறையை விட்டு மீனவர் கிராமங்களின் பக்கம் சென்றோம். அவற்றில் ஒன்றுதான் தோணிரேவு. ரேவு என்றால் துறை. தோணி கரை சேரும் இடம். பெயரிலேயே ஊரின் ஜாதகம் முழுவதும் இருக்கிறது. கரையில் வலை காய்ந்து கொண்டிருந்தது. திண்ணையில் பெண்கள் பனை ஓலையைக் கிழித்துச் சாயம் தோய்த்த ஓலையுடன் சேர்த்துப் பெட்டி முடைந்து கொண்டிருந்தார்கள்.

ஆழமில்லாத தண்ணீரில் சில பெண்கள் குனிந்து சேற்றைக் கையால் துழாவிக் கொண்டிருந்தார்கள். அகப்படுகிற இறாலைப் பறியில் போடுகிறார்கள். பறி என்பது ஓலையில் முடைந்த கூடை. இரண்டு கையும் சேற்றில் இருப்பதால் பறியைப் பல்லால் கவ்விக் கொள்கிறார்கள். வலையும் இல்லை, படகும் இல்லை. பத்து விரல்கள்தான் முதல்.

கொரிய அம்மாள் வெகு நேரம் அதையே பார்த்துக் கொண்டு நின்றாள். "என் பாட்டியும் இப்படித்தான்" என்றாள். கொரியாவின் மேற்குக் கரையில் அலை வடிந்தால் கண்ணுக்கெட்டிய தூரம் சேறு தெரியுமாம். 'கெட்போல்' என்பார்களாம். பெண்கள் அதில் இறங்கிச் சிப்பி பொறுக்குவார்களாம். அந்தச் சேற்று வெளியை யுனெஸ்கோ 2021-ல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. நாங்கள் பூநாரையைப் பார்க்க அவளை அழைத்து வந்தோம். அவள் தன் பாட்டியைப் பார்த்தாள்!

கரையேறிய மூதாட்டி ஒருத்தியிடம் அவள் கேட்கச் சொன்னதை நான் தமிழில் கேட்டேன்: "பாட்டி, முன்னைப் போல் இறால் அகப்படுகிறதா?"

"மொகத்துவாரம் தொறந்திருந்தா உண்டு, சாமி. மண்ணு மூடிக்கிச்சின்னா ஏது?" என்றாள் கிழவி.

இதில் ஒரு பெரிய சாஸ்திரமே அடங்கியிருக்கிறது. இறால் முட்டையிடுவது கடலில். குஞ்சுகள் வளர்வது ஏரியில். முகத்துவாரம்தான் அவற்றுக்கு வாசல். மணல் அடைத்துக் கொண்டால் ஏரிக்குள் குஞ்சு வராது. வலைக்காரர்களுக்குள் 'பாடு' என்ற பழைய ஏற்பாடு உண்டு. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் போன்ற ஊர்களில் மீன் பிடிக்கும் இடத்தைச் சீட்டுப் போட்டு முறை வைத்துப் பகிர்ந்து கொள்கிறார்கள். பாட்டில் எல்லோருக்கும் பங்கில்லை. பங்கில்லாத இந்தப் பெண்களுக்கு வாசல் அடைபட்டால், அன்றைக்கு அடுப்பும் அடைபட்டதுதான்.

பூநாரைகளைத் தூரத்தில் கரையிலிருந்தே பார்த்தோம். வெள்ளையும் ரோஜா நிறமுமாக ஒரு கோடு; அது எழுந்து பறந்தபோது குழந்தைகள் கூவினார்கள். படகில் ஏறவில்லை. 2011 டிசம்பர் 25-ந் தேதி, இதே ஏரியில் உல்லாசமாகப் படகில் போன குடும்பத்தார் கவிழ்ந்து 22 பேர் மாண்டார்கள். அதற்குப் பிறகு உல்லாசப் படகுச் சவாரிக்குத் தடை வந்தது. ஆழமில்லாத ஏரிதானே என்று யாராவது ஆசை காட்டினாலும் ஏறாதீர்கள். பறவையை அருகில் காண வேண்டுமானால் சூலூர்ப்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா போகும் சாலை இருக்கிறது. ஏரிக்கு நடுவே போகிறது. பருவத்தில் இரு பக்கமும் பூநாரைதான்.

நேயர்களும் ஒரு முறை குடும்பத்தோடு போய் வாருங்கள். கார்த்திகை கழிந்து மாசிக்குள் போவது நல்லது. தலைக்குக் குடை, குடிக்கத் தண்ணீர் அவசியம். இறால் வாங்கினால், ஓலைப்பெட்டி வாங்கினால் பேரம் பேசாதீர்கள். கொரிய அம்மாள் பேசவில்லை. அரை நாள் சேற்றில் நின்ற கைக்கு என்ன விலை என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.