கடைக்காரரே மருந்தாளுநர்

மார்ச் 3

அமெரிக்கச் சிற்றூர்களின் பழைய மருந்துக்கடைகளை நினைவுகூர்பவர்கள் பெரும்பாலும் அங்கே குடித்த சோடாவைத்தான் நினைவுகூர்கிறார்கள். அதில் நியாயம் உண்டு. 1885இல் டெக்சஸின் வேகோவில் ஒரு மருந்துக்கடையில்தான் டாக்டர் பெப்பர் உருவானது. மறு ஆண்டே அட்லாண்டாவின் ஜேக்கப்ஸ் மருந்துக்கடையில் கோக்கோ கோலா ஒரு கிளாஸ் ஐந்து சென்ட்டுக்கு விற்பனைக்கு வந்தது. பெப்சியைக் கலந்தவரும் வட கரோலினாவின் நியூ பெர்ன் ஊர் மருந்துக்கடைக்காரர்தான். பளிங்கு மேடைக்குப் பின்னால் நிற்கும் பையன் கிளாஸில் பாகை ஊற்றிக் குழாயின் கைப்பிடியை ஒரு பக்கம் தள்ளினால் சோடா தடித்த தாரையாக இறங்கும். மறுபக்கம் தள்ளினால் ஊசிபோல் பீய்ச்சியடித்துப் பாகைக் கலக்கிவிடும். ஆனால் கடையின் உயிர் பின்னறையில் இருந்தது என்பதே என் எண்ணம். அங்கே மருந்தாளுநர் சீட்டைப் பார்த்துக் கல்வத்தில் அரைத்து, நிறுத்து, மாத்திரையாக உருட்டுவார். வந்த சீட்டுகளுக்கு எண் போட்டுத் தடித்த பேரேட்டில் ஒட்டிவைப்பார். அதைப் புரட்டினால் போன குளிர்காலத்தில் எந்த வீட்டில் எதற்கு மருந்து வாங்கினார்கள் என்று தெரியும். பெயர்ப்பலகையில் இருந்ததும் பெரும்பாலும் அவர் பெயரே. மருந்தில் பிசகினால் பாதிக்கப்படுபவர் அடுத்த தெருக்காரர். பழியை ஏற்றிவிட மேலிடம் என்று ஒன்று கிடையாது. சோடாவில் வந்த காசு இந்த அறையைத் தாங்கியது.

மார்ச் 5

அந்தக் கடைகள் போலி மருந்துகளையும் விற்றனவே என்பார்கள். உண்மை. 1906ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை, மார்ஃபின் கலந்த குழந்தை மருந்துகள்கூட உள்ளே இருப்பதைச் சொல்லாமலே விற்கப்பட்டன. 1937இல் சல்ஃபனிலமைடு எலிக்ஸிர் நூற்றுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது; அது ஆலையில் தயாராகிப் புட்டியில் அடைத்து வந்தது. அருகிலிருக்கும் மருந்தாளுநரின் பொறுப்புணர்வு மட்டும் போதாது, மேலே சட்டமும் வேண்டும் என்பதைத்தான் இவை காட்டுகின்றன. மருத்துவர் சீட்டோடு மட்டுமே தரவேண்டிய மருந்துகள் எவை என்று வகுத்த 1951ஆம் ஆண்டுத் திருத்தத்தை முன்மொழிந்த இருவரில் ஒருவரான ஹூபர்ட் ஹம்ஃப்ரி, தெற்கு டகோட்டாவின் ஹியூரனில் தம் குடும்ப மருந்துக்கடையில் வேலை பார்த்த மருந்தாளுநர். இன்னொரு ஆட்சேபம் இதைவிடக் கனமானது. கன்சாஸின் விச்சிட்டாவில் டாக்கம் மருந்துக்கடையில் கறுப்பின மக்கள் பொருள் வாங்கலாம், மேடையில் உட்கார்ந்து குடிக்கக் கூடாது. 1958 ஜூலையில் இளைஞர்கள் வந்து அங்கே உட்கார்ந்தார்கள். சில வாரங்களில் கடை பணிந்தது. அடுத்து ஓக்லஹோமா சிட்டியில் கிளாரா லூப்பர் சிறுவர்களை அழைத்துக்கொண்டு காட்ஸ் மருந்துக்கடைக்குப் போனார். இதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. ஊரார் எல்லாரையும் தெரிந்திருந்த கடையே அவர்களில் ஒரு பகுதியினரை நிற்க வைத்தது. ஆகவே அந்தக் கால ஊர் வாழ்க்கையை நான் திரும்பக் கேட்கவில்லை. கடையை நடத்துபவரே மருந்துக்கும் பொறுப்பாளியாக இருந்த ஏற்பாட்டை மட்டும் கேட்கிறேன்.

மார்ச் 8

அந்த ஏற்பாடு போட்டியில் தோற்றது, தொடர்கடைகள் மலிவாக விற்றன என்பது கடைசி வாதம். சோப்புக்கும் சீப்புக்கும் அது பொருந்தும். மருந்துக்குப் பொருந்தாது. காப்பீடு உள்ள நோயாளியின் மருந்துக்குக் கடைக்கு எவ்வளவு கிடைக்கும் என்பதை இன்று பெரும்பாலும் தீர்மானிப்பவை, காப்பீட்டுக்கும் கடைக்கும் நடுவில் இருக்கும் இடைத்தரகு நிறுவனங்கள். அவற்றில் மிகப் பெரியவற்றுள் ஒன்றான கேர்மார்க்கை 2007இல் சிவிஎஸ் தொடர்கடை நிறுவனம் தன்னோடு இணைத்துக்கொண்டது. சிற்றூர்க் கடைக்காரருக்குக் கிடைக்கும் தொகையை அவருடைய போட்டியாளரின் வீட்டிலேயே முடிவு செய்கிறார்கள் என்றால் அதைப் போட்டி என்று எப்படிச் சொல்வது? மாற்று வழி கற்பனையும் அல்ல. வடக்கு டகோட்டாவில் 1963 முதல் மருந்துக்கடையின் பெரும்பான்மைப் பங்கு உரிமம் பெற்ற மருந்தாளுநர்களிடமே இருக்க வேண்டும். முன்பே இருந்த சில கடைகளுக்கு மட்டும் விலக்கு. 1973இல் இந்தச் சட்டத்தை எதிர்த்த வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம்வரை போயும் சட்டம் நிலைத்தது. 2014இல் அதை நீக்கக் கோரிய தீர்மானம் பொதுவாக்கெடுப்புக்கு வந்தது. மலிவு விலை என்ற வாக்குறுதியைக் கேட்டறிந்த பிறகும், அந்த மாநில மக்கள் சட்டம் இருக்கட்டும் என்றே வாக்களித்தார்கள்.