மூடிக்குக் கீழே

விஞ்ஞானம் பற்றி எழுத இவருக்கு என்ன யோக்கியதை என்று சங்கத்து அன்பர்கள் கேட்கலாம். மெட்ரிகுலேஷனோடு படிப்புக்கு முழுக்குப் போட்டுவிட்டு, மும்பையில் ரயில்வே குமாஸ்தாவாகக் காலங் கழிப்பவர் நாம். ஆயினும் சென்ற ஆண்டு நடந்த ஒரு சம்பவம் இவ்விஷயத்தை நம்மைத் தேடிப் படிக்க வைத்தது.

நாம் குடியிருக்கும் கட்டடத்தின் மலக்குழி மழைக்காலத்துக்கு முன் நிரம்பிவிட்டது. வரவு செலவுக் கணக்கு நம் பொறுப்பு. கழிவுநீர் உறிஞ்சும் லாரியை வரவழைக்கலாம். அல்லது பாதிச் செலவில் இரண்டு ஆட்களை அழைக்கலாம். பாதிச் செலவு என்றதும் எல்லாரும் தலையசைத்தனர், நாமும் அசைத்தோம்.

மூடியைத் திறந்து இறங்கிய இளைஞன் நான்காம் படியிலேயே துவண்டு சாய்ந்தான். இடுப்பிற் கட்டிய கயிறுதான் அவனைக் காத்தது. மேலே நின்ற அவன் தமையனும் நாமும் சேர்ந்து இழுத்தோம். மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தான். “சாகேப், உள்ளே என்னதான் இருந்தது?” என்று தமையன் கேட்டான். நம்மிடம் விடை இல்லை.

விடை இதுதான். காற்றுப் புகாத இடத்தில் கிடக்கும் கழிவை, ஆக்ஸிஜன் வேண்டாத நுண்ணுயிர்கள் உண்கின்றன. சில வகை அதனை உடைத்து அமிலங்களாக்கும். வேறு சில, அதிலிருந்து மீத்தேனை உண்டாக்கும். இரவில் இட்லி மாவு பொங்குவதுபோல் கண்ணுக்குத் தெரியாமல் நடக்கும் காரியம் இது. வரும் வாயுவில் ஏறக்குறைய 60 விழுக்காடு மீத்தேன். மீதியிற் பெரும்பகுதி கரியமில வாயு. சிறிதளவு ஹைட்ரஜன் சல்பைடு. அழுகிய முட்டை நாற்றம் இதனுடையதே. இது மிகுந்தால் மூக்கு மரத்து நாற்றமும் தெரியாது, மனிதன் விழுவான்.

அதே வாயுவை முறையாகப் பிடித்தால் அடுப்பெரியும். சுத்திகரிப்பு நிலையங்களில் சாக்கடைக் கசடை மூடிய கலங்களில் சுமார் 35 பாகை செல்சியஸ் வெப்பத்தில் மூன்று வாரம் போல் வைத்திருந்து, எழும் வாயுவால் எஞ்சின் ஓட்டி மின்சாரம் எடுக்கிறார்கள். கழிவுநீர்க் குளத்துப் பச்சைப் பாசிக்கும் இதில் இடமுண்டு. நீரிலுள்ள நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் உண்டு அது வளரும். அறுவடை செய்து கசடுடன் இட்டால் அதுவும் வாயுவாகும். கலிபோர்னியாவில் கோலூக்கே, ஆஸ்வால்டு முதலியோர் பாசியிலிருந்து வாயு எடுத்த ஆய்வை 1957இல் வெளியிட்டனர். பாசியின் உயிரணுச் சுவர் எளிதிற் செரியாது என்பதே இன்றும் உள்ள இடைஞ்சல்.

இவையெல்லாம் கடல் கடந்த சமாசாரம் என்று எண்ணவேண்டாம். நாம் காபிப்பொடிக்குப் போய்வரும் மாதுங்காவிலேயே, தொழுநோயாளர் இல்லத்துக் கழிவிலிருந்து வாயு சேகரித்து 1897இல் எஞ்சின் ஓட்டியிருக்கிறார்கள். நம் ரயில்வேயிலும், 2011 ஜனவரியில் குவாலியர் – வாரணாசி பந்தேல்கண்ட் எக்ஸ்பிரஸில் தொடங்கி, பெட்டிகளுக்கு அடியிலுள்ள தொட்டிகளில் இந்த நுண்ணுயிர்களே வேலை செய்கின்றன. அத்தொட்டிகளைப் பற்றிய காகிதங்கள் நம் மேஜை வழியாகவே போயிருக்கின்றன. படித்தோமில்லை.

பாதுகாப்புச் சாதனமின்றி மனிதனை மலக்குழியில் இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. சாக்கடையில் இறந்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் தருமாறு 2014இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2023இல் அதனை முப்பது லட்சமாக உயர்த்தியது. நாமோ பாதிச் செலவை மிச்சம் பிடித்தோம்.

இவ்வாண்டு லாரி வந்தது. கூடுதற் செலவைக் கணக்கில் எழுதினோம், ஒருவரும் ஆட்சேபிக்கவில்லை. அந்தத் தமையனின் கேள்விக்கு இப்போது நம்மிடம் விடை இருக்கிறது. அவன் தம்பி இறங்குமுன் அதை அறிந்திருக்க வேண்டியவர் நாம்.