கட்டை விரல் ஜாக்கிரதை... இது மலை ஜீப்!

பழைய ஜீப் ஓட்டக் கத்துக்கப் போறீங்களா? முதல் பாடம் கிளட்ச் இல்லை, கியரும் இல்லை. 'கட்டை விரலை ஸ்டீயரிங்குக்கு உள்ளே விடாதீங்க' என்பதுதான்! முன் சக்கரம் ஒரு கல்லில் இடிச்சா, அந்த உதை கம்பி கம்பியா ஏறி வந்து ஸ்டீயரிங்கைச் சரேல்னு சுத்தி விட்டுடும். உள்ளே விரல் இருந்தா மாவுக்கட்டு நிச்சயம்.

'இவ்வளவு முரட்டு வண்டியை எதுக்கு பாஸ் இன்னும் கட்டிக்கிட்டு அழறாங்க?' என்று கேட்கிறீர்களா? அதுக்குப் பதில் வேணும்னா தர்மபுரி மாவட்டத்துக்கு ஒரு ரவுண்டு வாங்க. ஒகேனக்கல் பரிசல், மீன் வறுவல் எல்லாம் அப்புறம். இது ரோடு பார்க்கிற டூர்.

வத்தல்மலை வளைவுகள்

தர்மபுரி டவுனில் இருந்து சுமார் 25 கிலோமீட்டர். இருபதுக்கும் மேற்பட்ட கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் வத்தல்மலை. பெரியூர், பால்சிலம்பு என்று சின்னச் சின்ன ஊர்கள். காபி, மிளகு, நடுநடுவே சில்வர் ஓக் மரங்கள். 'நம்ம தர்மபுரியா இது?' என்று கண்ணைக் கசக்கிப் பார்ப்பீர்கள். தார் ரோடு வருவதற்கு முன்னால் இங்கே இருந்த சனங்க பல வருஷம் நடந்துதான் கீழே இறங்கினாங்க. பஸ் மேலே ஏறியதே 2020-களில்தான்.

பென்னாகரம் பக்கம் கோட்டூர் மலை என்று ஒன்று இருக்கிறது. 2021 சட்டமன்றத் தேர்தலில் ஓட்டு மெஷின் அந்த மலைக்கு எப்படிப் போச்சு தெரியுமா? கழுதை முதுகில்! ஜீப்பே ஏற முடியாத இடத்துக்குக் கழுதை. பஸ் ஏற முடியாத இடத்துக்கு ஜீப். மலைக் கிராமங்களில் இதுதான் கணக்கு. கர்ப்பிணி, பாம்புக்கடி, ரேஷன் மூட்டை, கல்யாண சாப்பாட்டு அண்டா எல்லாத்துக்கும் அதே நாலு சக்கரம்தான். கொழுக்குமலைக்கு ஜீப்பில் போய் வந்து ரெண்டு நாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு திரிந்தவர்களுக்கு இது சொல்லாமலே புரியும்.

ஜீப்பின் ஜாதகம்

1941-ல் அமெரிக்க ராணுவத்துக்காக வந்தது வில்லிஸ் எம்.பி. போர் முடிந்ததும் விவசாயிகளுக்கு 'சி.ஜே.' என்ற பெயரில் வந்தது. சிவிலியன் ஜீப் என்பதன் சுருக்கம். 1945-ல் லூதியானாவில் ஆரம்பித்த மஹிந்திரா கம்பெனி, 1940-களின் கடைசியில் வில்லிஸ் வண்டிகளை இங்கே பூட்ட ஆரம்பித்தது. சி.ஜே. 3பி என்ற உயரமான மூக்கு மாடல் நம்ம ஊர் வண்டியாகவே மாறிப்போச்சு. 1980-களில் எம்.எம். 540 வந்தது.

பெட்ரோல் விலைக்குப் பயந்து, பழைய பெட்ரோல் இன்ஜினைக் கழற்றிவிட்டு டீசல் இன்ஜினை இறக்கியவர்கள் இங்கே ஏராளம். அங்கேதான் வம்பு ஆரம்பம். டீசல் இன்ஜின் கனம். அந்தக் கனம் முழுக்க முன் சக்கரத்தின் தலையில். அதோட 'கெத்தா இருக்கட்டும்'னு அகல டயரும் மாட்டினால்? நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்ப ஜிம்முக்குப் போன தோள் வேணும்!

இதில் ஒரு வேடிக்கை. ஜீப் பிறப்பதற்கு 15 வருஷம் முன்னாடியே பவர் ஸ்டீயரிங் இருந்தது! பியர்ஸ் ஆரோ கம்பெனியில் வேலை பார்த்த பிரான்சிஸ் டேவிஸ் என்ற இன்ஜினியர், 1926-லேயே ஒரு காரில் அதைப் பொருத்தி ஓட்டிக் காட்டினார். செலவு அதிகம் என்று கார் கம்பெனிகள் தள்ளிப்போட்டன. கடைக்கு வந்த காரில் அது ஏறியது 1951-ல், கிரைஸ்லர் இம்பீரியலில். சொகுசு காருக்குக் கிடைத்தது, சேற்றில் உழைத்த ஜீப்புக்குக் கிடைக்கலை. அதனால்தான் பழைய ஜீப்பை ரெடி பண்ணும்போது 'பவர் ஸ்டீயரிங் போட்டுடலாமா?' என்ற கேள்வி பட்டறையில் தவறாமல் எழுகிறது.

எண்ணெய் பிடித்துத் தரும் கை

பவர் ஸ்டீயரிங் என்றதும் மந்திரம் என்று நினைக்காதீங்க. இன்ஜின் பெல்ட்டில் ஒரு பம்ப் ஓடுது. அது எண்ணெயை அழுத்தி அனுப்புது. ஸ்டீயரிங் பாக்ஸுக்குள் மெல்லிசா ஒரு கம்பி இருக்கும். நீங்கள் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது அது இம்மியளவு முறுக்கிக்கொள்ளும். உடனே வால்வு திறக்கும். எந்தப் பக்கம் திருப்பினீங்களோ அந்தப் பக்கம் எண்ணெய் பாய்ந்து பிஸ்டனைத் தள்ளும். அழுத்தம் எவ்வளவு தெரியுமா? கார் டயரில் காற்று 30, 35 பி.எஸ்.ஐ. இங்கே 1000-க்கு மேல்! அதனால் சாதாரண ரப்பர் ட்யூபைச் சொருகி கிளிப் மாட்டினால் போதும் என்று யாராவது சொன்னால், கும்பிடு போட்டுவிட்டு வேறு பட்டறை பாருங்கள்.

பழைய மஹிந்திரா ஜீப்களுக்குப் பெரும்பாலும் பொலிரோவின் பவர் ஸ்டீயரிங் பாக்ஸையும் பம்பையும்தான் தேடுவார்கள். பாகம் சுலபமாகக் கிடைக்கும் என்பது ஒரு காரணம். ஆனால் 'கொண்டா... மாட்டு' என்று முடிகிற வேலை இல்லை இது.

பட்டறைப் பாடம்

முதல் வேலை, பவர் ஸ்டீயரிங்கை மறந்துவிட்டு முன் ஆக்ஸிலைத் தூக்கிப் பார்ப்பது. கிங் பின் பேரிங் தேய்ஞ்சிருக்கா? டை ராடு முனைகள் ஆடுதா? ஸ்டீயரிங் இறுக்கமா இருக்க இதுவே காரணமா இருக்கலாம். இந்த நோயை விட்டுவிட்டு மேலே பவர் ஸ்டீயரிங் போட்டால் வலி மாத்திரை போட்ட மாதிரிதான். கைக்கு வலி தெரியாது. சக்கரத்தில் நோய் வளர்ந்துகொண்டே இருக்கும். முன்னெல்லாம் 'ஏதோ சரியில்லை'னு உங்க தோள் எச்சரிக்கை கொடுக்கும். இனிமே அதுவும் கொடுக்காது!

ரெண்டாவது, சேஸிஸ். புது பாக்ஸ் உட்காரும் இடத்தில் இரும்பு வெடித்திருக்கிறதா என்று துருவைச் சுரண்டிவிட்டுப் பார்க்க வேண்டும். பாக்ஸ் தள்ளுகிற பலத்தை எல்லாம் அந்த இடம்தான் தாங்கணும். அங்கே கனமான பிளேட் வைத்து போல்ட் போடுவார்கள்.

மூணாவது, கம்பிகள். பழைய வில்லிஸில் ஸ்டீயரிங் பாக்ஸில் இருந்து வரும் டிராக் லிங்க், நடுவில் 'பெல் கிராங்க்' என்ற துண்டைத் திருப்பும். அதுதான் ரெண்டு பக்க டை ராடையும் இழுக்கும். புது பாக்ஸ் வந்தால் வழக்கமாக இந்த ஏற்பாடு போய், ஒரே நீள டை ராடு வரும். டிராக் லிங்க் ரொம்பச் சாய்வாக நின்றால், பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் வண்டி தானாக ஒரு பக்கம் இழுக்கும். வத்தல்மலை வளைவில் அப்படி இழுத்தா என்ன ஆகும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.

நாலாவது, நடு. பாக்ஸை ஒரு கோடியில் இருந்து மறு கோடி வரை சுற்றி, சுற்றுகளை எண்ணி, சரிபாதியில் நிறுத்த வேண்டும். அப்போது சக்கரம் நேராக இருக்கணும். இல்லைன்னா ஒரு பக்கம் கட்டிங் கிடைக்கும், மறுபக்கம் கிடைக்காது. முன் ஆக்ஸிலில் இருக்கும் ஸ்டாப்பர் போல்ட்தான் சக்கரத்தை நிறுத்தணும். பாக்ஸ் அந்த வேலையைச் செய்யக் கூடாது.

கடைசியா ஏர் எடுக்கிறது. முன் சக்கரங்களைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, எண்ணெய் ஊற்றி, இன்ஜினை ஸ்டார்ட் பண்ணாமலே ஸ்டீயரிங்கை மெதுவா இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பல தடவை திருப்பணும். எண்ணெய் இறங்க இறங்க ஊற்றணும். நுரை அடங்கியதும்தான் சாவி. ஓட்டும்போதும் ஃபுல் கட்டில் சில விநாடிக்கு மேல் பிடிக்காதீங்க. பம்ப் அலறும், சூடாகும்.

தொப்பூர் சொல்லும் எச்சரிக்கை

இப்போது நம்ம டூரின் அடுத்த ரோடு. தர்மபுரியில் இருந்து சேலம் போகும் வழியில் தொப்பூர் கணவாய். நாலு வழிச் சாலைதானே என்று நினைத்தால் தப்பு. நீளமான இறக்கம். 2020 டிசம்பரில் ஒரு லாரி, முன்னால் நின்ற வண்டிகளை வரிசையாக மோதி நசுக்கியது. நாலு உயிர் போனது. டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் உருட்டிக்கொண்டு இறங்குவது அங்கே பல வருஷமாகச் சொல்லப்படும் குற்றச்சாட்டு.

ஜீப்புக்கும் இதுக்கும் என்ன சம்பந்தமா? இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு உருட்டுற ஆளுக்குப் பழைய ஸ்டீயரிங் என்றால் வித்தியாசம் தெரியாது. பவர் ஸ்டீயரிங் போட்ட வண்டியில் இன்ஜின் நின்றால் பம்ப் நிற்கும். ஸ்டீயரிங் அறுந்து போகாது, திருப்ப முடியும். ஆனால் நடு வளைவில் திடீர்னு கல்லாய்க் கனக்கும். அதனால் பவர் ஸ்டீயரிங் போட்ட நாளில் இருந்து, இறக்கத்தில் இன்ஜின் ஓடணும், கியர் விழுந்தே இருக்கணும். இன்னொண்ணு... ஸ்டீயரிங் லேசாகிவிட்டால் வேகம் கூடும். பிரேக் அதே பழைய டிரம் பிரேக்தான். அதையும் சரி பண்ணாமல் சாவியைத் தொடாதீங்க.

எந்த வண்டிக்கு வேண்டாம்?

'ஒரிஜினலைக் கெடுத்துட்டியே!' என்று ஒரு கோஷ்டி சண்டைக்கு வரும். அதில் நியாயம் இருக்கு. 2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, முதல் பதிவில் இருந்து 50 வருஷம் தாண்டிய, சொந்த உபயோக வண்டியை 'விண்டேஜ்' என்று பதிவு செய்யலாம். கட்டணம் 20 ஆயிரம் ரூபாய், 10 வருஷம் செல்லும். ஆனால் வண்டி ஒரிஜினல் ரூபத்தில் இருக்கணும். அதை தினமும் ரோட்டில் ஓட்டவும் முடியாது. கண்காட்சி, விண்டேஜ் ரேலி மாதிரியான விஷயங்களுக்கு மட்டும்தான்.

ஆக, தாத்தா வாங்கிய 1960-களின் வில்லிஸ், பெட்ரோல் இன்ஜினோடு, பெல் கிராங்கோடு அப்படியே வீட்டுக் கொட்டகையில் நிற்குதா? தயவுசெஞ்சு கை வைக்காதீங்க. அது சரித்திரம். கட்டை விரலை வெளியே வைத்து ஓட்டுவதுகூட அந்தச் சரித்திரத்தில் ஒரு பக்கம்தான்.

ஏற்கெனவே டீசல் மாற்றி, பாடி மாற்றி, இன்னமும் மலை ஏறி இறங்கிக்கொண்டிருக்கும் எம்.எம். 540 கதை வேறு. அது உழைக்கிற வண்டி. அதை ஓட்டும் அண்ணனுக்கு ஐம்பது வயசு தாண்டியிருக்கும், தோள் கெஞ்சும். 'ஜீப் ஓட்ட ஆம்பளைத் தோள் வேணும்' என்ற டயலாக்கைக் கேட்டே ஒதுங்கின பெண்கள் எத்தனையோ பேர். ராத்திரி ஒரு மணிக்குப் பிரசவ வலி வந்தால், டிரைவர் ஊரில் இல்லாவிட்டால், அந்த வீட்டில் காலேஜ் படிக்கும் பொண்ணே சாவியை எடுத்துக்கொண்டு இறங்கலாமே! அங்கே பவர் ஸ்டீயரிங் சொகுசு கிடையாது. இன்னொரு டிரைவர்!

அதுக்கும் முறை இருக்கு. பதிவு விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை அழுத்திச் சொல்லியிருக்கு. அதனால் ஸ்பேனரைத் தொடும் முன்னாடி ஆர்.டி.ஓ. ஆபீஸில் கேட்டுவிடுங்கள், இன்ஷூரன்ஸிலும் சொல்லிவிடுங்கள். சேஸிஸை வெட்டாமல் போல்ட்டில் நிற்கிற மாதிரி செய்யச் சொல்லுங்கள். கழற்றிய பழைய பாக்ஸையும் கம்பிகளையும் காயலான் கடைக்குப் போடாமல், கிரீஸ் தடவி சாக்கில் கட்டி வையுங்கள். நாளைக்கு உங்கள் பிள்ளை 'ஒரிஜினலா மாத்தணும்'னு கேட்டால் எடுத்துக் கொடுக்கணும் இல்லையா?

அடுத்த லீவுக்கு வத்தல்மலை போறீங்கன்னா, ஏதாவது ஒரு வளைவில் ஓரமாக நின்று, ஏறி வரும் பழைய ஜீப்பின் டிரைவர் கையைக் கவனியுங்க. கட்டை விரல் வெளியே இருந்தால், மரியாதையா வழி விடுங்க பாஸ்!