காகம் கேட்ட கேள்வி

பள்ளிப் பணிகளால் சில வாரங்களாக எழுத இயலவில்லை. இன்று, ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் கேட்ட கேள்வியைப் பகிர்ந்துகொள்ள விழைகின்றேன்.

எங்கள் பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் காகத் தொல்லை அதிகம். தட்டில் உள்ள உணவையே கொத்திச் செல்லும். நகராண்மைக் கழகத்திற்குப் புகார்க் கடிதம் எழுதியவள் நான்தான். ஒரு சனிக்கிழமை துப்பாக்கியுடன் ஆள்கள் வந்து சென்றனர். திங்கட்கிழமை காலையில், வேலியோரம் இறந்து கிடந்த காகம் ஒன்றை மாணவர்கள் சூழ்ந்து நின்றனர்.

“இது நம் நாட்டுப் பறவை அன்று. காப்பித் தோட்டங்களின் புழுக்களை ஒழிக்க, 1890களில் இலங்கையிலிருந்து கிள்ளானுக்குக் கொண்டுவரப்பட்டது” என்று விளக்கினேன்.

“அப்படின்னா, தோட்டத்தில் வேலை செய்யக் கப்பலில் வந்த நம் கொள்ளுத்தாத்தா மாதிரிதானே, டீச்சர்?” என்றான் அவன்.

வாயடைத்து நின்றேன். ‘வந்தேறி’ என்னும் சொல்லின் வலியை அறிந்த சமூகம் அல்லவா நாம்!

வீடு திரும்பியும் மனம் அமைதியடையவில்லை. ரப்பர் பிரேசில் நாட்டு மரம். 1877இல் அதன் கன்றுகள் இங்கு வந்தன. செம்பனையின் தாயகம் மேற்கு ஆப்பிரிக்கா; 1917இல் சிலாங்கூரில் வணிகப் பயிராயிற்று. 1960இல் தேசிய மலராக அறிவிக்கப்பட்ட செம்பருத்தியும் வெளியிலிருந்து வந்ததே. இவற்றை நாம் அந்நியம் என்பதில்லை. மாறாக, இம்மண்ணிலேயே தோன்றிய காட்டுப்பன்றியும் குரங்கும், காடழிந்து தோட்டத்திற்குள் வந்தால் ‘தொல்லை’ என்கிறோம். ஆகவே, நம் அளவுகோல் பிறப்பிடம் அன்று. நமக்குக் கிட்டும் பயனே.

என் வீட்டிலும் இதே கதைதான். அமாவாசை தோறும் முன்னோர் நினைவாகக் ‘கா, கா’ என்றழைத்துச் சோறு வைப்பவள் நான். மற்ற நாள்களில் விரட்டுபவளும் நானே.

காகங்கள் சிறு பறவைகளின் முட்டைகளையும் குஞ்சுகளையும் உண்பதை மறுப்பதற்கில்லை. அவற்றின் எண்ணிக்கை குறைய வேண்டியதுதான். எனினும், அவை பெருகுவது நாம் வீசும் எச்சிலால் அன்றோ? குப்பைத் தொட்டிகளுக்கு மூடி வாங்கும்படி ஒரு வரிகூட நான் எழுதியதில்லை.

மறுநாள் அவ்வாறு எழுதிக் கொடுத்தேன். அம்மாணவனிடம், “கொள்ளுத்தாத்தா மாதிரி என்றாயே, சரியாகத்தான் சொன்னாய். கொண்டுவந்தவர்கள் வேறு, பழி சுமப்பது வேறு” என்றேன். புரிந்ததுபோல் தலையசைத்தான்.

பெற்றோர்களே, பிள்ளைகள் இவ்வாறு கேட்டால் அதட்டிவிடாதீர்கள். விடை தெரியாமல் நிற்பதும் பாடமே.